அப்பா இறந்த ஐந்தாம் மாதம் அவள் சிரிக்கலாமா?

கேள்வி: நான் தேவகோட்டையில் இருக்கிறேன். பதின்வயதுப் பிள்ளைகளுக்காக முதல் நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். சென்னையில் வளர்ந்த 16 வயது நகரத்தார் வீட்டுப் பெண்; அப்பா இறந்து ஐந்து மாதம். கோடை விடுமுறைக்கு அப்பத்தா வீட்டுக்கு வருகிறாள். பெயர்ந்துபோன தரையைச் சரிசெய்ய ஆத்தங்குடியிலிருந்து வரும் 22 வயதுப் பையன்மேல் காதல் வருகிறது. மறுப்பு, கோபம், பேரம், மனச்சோர்வு, ஏற்பு என்று துக்கத்தின் ஐந்து நிலைகளுக்கு ஐந்து பாகம் பிரித்திருக்கிறேன். படித்துப் பார்த்த தோழி, "அப்பன் செத்து அஞ்சு மாசத்துல இந்தப் புள்ள எப்படி இப்படிச் சிரிக்குது?" என்கிறாள். கைப்பிரதியை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். காதலைக் கடைசிப் பாகத்துக்குத் தள்ளிவிடலாமா?

பதில்: தள்ளாதீர்கள். தள்ளினால் நான்கு பாகம் அழுதவள் ஐந்தாம் பாகத்தில் குணமாகிக் காதலிக்கிறாள் என்று ஆகிவிடும். காதல் என்ன கஷாயமா? அவள் சிரிப்பதில் தப்பில்லை. சிரித்து முடித்த மறுநிமிஷம் அவள் முகத்தைப் பார்க்காமல் நீங்கள் அடுத்த அத்தியாயத்துக்குப் போய்விடுகிறீர்கள். தோழிக்கு உறுத்தியது அதுதான்.

முதல் வேலையாக அந்த ஐந்து பாகத்தைக் கலைத்துவிடுங்கள். மனநல மருத்துவர் எலிசபெத் கூப்ளர்-ராஸ் 1969-இல் அந்த ஐந்து நிலைகளைப் பற்றி எழுதியபோது அவர் பேசிப் பார்த்திருந்தது, சாவை எதிர்நோக்கியிருந்த நோயாளிகளிடம். பின்னால்தான் அது பறிகொடுத்தவர்களுக்கும் படிக்கட்டாகிவிட்டது. உங்களுக்கு அதைவிட உதவக்கூடியது, 1999-இல் மார்கரெட் ஸ்ட்ரோப, ஹெங்க் ஷுட் என்ற ஆய்வாளர்கள் சொன்ன கருத்து. துக்கத்தில் இருப்பவர் இழப்புக்கும் அன்றாடத்துக்கும் நடுவே போய்ப்போய் வருகிறார் என்றார்கள் அவர்கள். பதின்வயதில் இந்தப் போக்குவரத்து இன்னும் வேகமாக நடக்கும். கேதம் கேட்க வந்தவர்கள் முன்னால் கல்லு மாதிரி உட்கார்ந்திருந்த பிள்ளை, மூன்று மாதம் கழித்து அப்பாவின் போன் சார்ஜரைப் பார்த்து உடைந்துபோகும். அரை மணி நேரத்தில் தோசைக்குச் சட்னி போதவில்லை என்று சண்டை போடும். பெரியவர்களுக்கு இது கல்நெஞ்சாகத் தெரியும். அந்தப் பிள்ளைக்கோ அந்தச் சண்டை மூச்சு விட்டுக்கொள்ளும் இடம்.

ஆகவே துக்கத்துக்கு ஒரு அத்தியாயம், காதலுக்கு ஒரு அத்தியாயம் என்று பங்கு பிரிக்காமல் இரண்டையும் ஒரே காட்சிக்குள் போடுங்கள். உங்கள் கதையிலேயே அதற்கு இடம் இருக்கிறது. ஆத்தங்குடியில் பூப்போட்ட தரைக்கல் செய்யும் பட்டறைக்கு அவள் போகிற காட்சியை நான்கு வரியில் முடித்திருக்கிறீர்கள். அங்கேதான் நின்றிருக்க வேண்டும். கண்ணாடித் துண்டின் மேல் அச்சை வைத்து, கட்டத்துக்குக் கட்டம் சாயச் சிமென்ட்டை ஊற்றுவார்கள். அச்சைத் தூக்கிவிட்டு மேலே உலர்ந்த மணலும் சிமென்ட்டும் தூவி, அதற்கு மேல் ஈரக் கலவையைப் போட்டு மட்டம் செய்வார்கள். பூ கண்ணாடியைப் பார்த்துக் குப்புறக் கிடக்கும். காய்ந்து, தண்ணீரில் ஊறி, கண்ணாடி கழன்ற பிறகுதான் அதன் முகம் தெரியும். அவள் ஒரு கல் ஊற்றட்டும். நிறம் வழிந்து பூ கோணலாகட்டும். இருவரும் சிரிக்கட்டும். சிரிப்பு நிற்பதற்குள், இதை அப்பாவிடம் காட்ட வேண்டும் என்று அவள் கை போனை எடுத்துவிடட்டும். அவ்வளவு போதும். அழ வைக்காதீர்கள்.

அவளுக்கு ஏன் அந்தப் பையனைப் பிடிக்கிறது? கைப்பிரதியில் அவன் கண்ணும் பல்வரிசையும்தான் காரணமாக இருக்கின்றன. ஊரில் எல்லோரும் அவளைப் பார்த்து உச்சுக் கொட்டுகிறார்கள். பால்காரர்கூட "பாவம், தகப்பன் இல்லாத புள்ள" என்கிறார். அவன் ஒருவனுக்குத்தான் விஷயம் தெரியாது. அவன் முன்னால் மட்டும்தான் அவள் பழைய ஆளாக இருக்க முடியும். "அப்பா எங்க?" என்று அவன் கேட்கும்போது, "மலேசியால இருக்காரு" என்று சொல்லிவிடட்டும். பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கணக்குப் பார்க்கப் போன ஆண்களுக்காக வருஷக்கணக்கில் காத்திருந்து பழகிய வீடுகள் நம்முடையவை. அந்த முகப்பில் உட்கார்ந்து சொன்னால் அந்தப் பொய்யை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். அவளே பாதி நம்பிவிடுவாள். பொய் உடையும் நாள்தான் உங்கள் நாவலின் நடுத்தூண். இப்போது நடுவில் ஒரு பைக் விபத்து இருக்கிறதே, அது வேண்டவே வேண்டாம்.

முன்னோருக்குப் படைத்துக் கும்பிடும் படைப்பை ஒரே வரியில் தாண்டியிருப்பது எனக்கு வருத்தம். செத்தவரை மறந்து முன்னே போவதுதான் குணமாவது என்ற பழைய எண்ணத்தை எதிர்த்து, உறவு வேறு வடிவில் தொடர்கிறது என்று கிளாஸ், சில்வர்மன், நிக்மன் என்ற மூவர் 1996-இல் தொகுப்பு நூலே கொண்டுவந்தார்கள். நம் வீடுகளில் முன்னோருக்குப் புதுச் சேலை வேட்டி வைத்து, இலை போட்டுக் கும்பிட்டுக்கொண்டுதான் இருக்கிறோம். அப்பத்தா வேட்டி வாங்க அவளைக் கூட்டிக்கொண்டு கடைக்குப் போகட்டும். கடைப் பையன் "யாருக்கு ஆச்சி? நாலு முழமா, எட்டு முழமா?" என்று கேட்பான். "எம்மகனுக்கு, எட்டு முழம்" என்று அப்பத்தா சொல்லும்போது குரலில் ஒரு நடுக்கமும் இருக்கக் கூடாது. அந்தப் பெண் பக்கத்தில் நின்று கேட்கிறாள். படைப்பு எப்போது, யார் யாருக்கு என்பதெல்லாம் வீட்டுக்கு வீடு மாறும். எழுதுமுன் உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இனி சில்லறைத் திருத்தங்கள். 22 வயதுப் பையனை 17 ஆக்குங்கள். 2012-இன் போக்சோ சட்டப்படி 18 வயது நிரம்பாத எவரும் குழந்தைதான். 18 வயது தாண்டியவன் 16 வயதுப் பெண்ணோடு நெருங்குவதைக் காதலாக எழுதி, பள்ளிப் பிள்ளைகள் கையில் கொடுக்க முடியாது. சட்டத்தை விடுங்கள், கதைக்கே அது நல்லதில்லை. தகப்பனைத் தேடுகிறவள் பெரியவன் ஒருவனிடம் போய்ச் சேர்கிறாள் என்று அது வேறு கதையாகிவிடும். பட்டறைக்காரரின் மகன், விடுமுறைக்கு அப்பாவுக்கு ஒத்தாசையாக வருகிறான் என்று வையுங்கள்.

மே மாதத்தில் பிள்ளையார் நோன்பு வைத்திருக்கிறீர்கள்! திருக்கார்த்திகை நாளிலிருந்து 21-ஆம் நாள், மாவில் ஏற்றிய திரியான இழையை எடுத்துக்கொள்வது கத்திரி வெயிலில் எப்படி வரும்? தேவகோட்டைக்காரர் இப்படி எழுதினால் காரைக்குடியில் சிரிப்பார்கள். பெண் "அப்பா" என்றும் அப்பத்தா நகரத்தார் வழக்கில் அப்பாவை "ஒங்கப்பச்சி" என்றும் சொல்வது சரியாக வந்திருக்கிறது, மாற்றாதீர்கள். கதையில் வரும் பத்து வயதுப் பையன் மொட்டைமாடியில் பேசும் தத்துவத்தை மட்டும் எடுத்துவிடுங்கள்.

புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் அரசின் மனநல உதவி எண்ணான டெலி-மானஸ் 14416, குழந்தைகள் உதவி எண் 1098 இரண்டையும் அச்சிடுங்கள். இதே நிலையில் இருக்கிற ஒரு பிள்ளை கட்டாயம் இதைப் படிக்கும்.

முடிவு. காரைக்குடியில் விடிகாலைப் பல்லவன் ரயிலில் அவள் ஏறும்போது அவன் ஓடி வந்து அந்தக் கோணல் கல்லைக் கொடுப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அது சினிமா. அந்த நேரத்தில் அவன் ஸ்டேஷனுக்கு வர முடியாது. வந்தால் ஊரே பார்க்கும். அந்தக் கல்லை முந்தின நாளே உள்முற்றத்தைச் சுற்றிய வளவில், அவள் அப்பாவின் அறை வாசலில் பெயர்ந்திருந்த இடத்தில் பதித்துவிட்டுப் போகட்டும். பழைய தரையோடு புதுக் கல்லின் நிறம் ஒட்டாது. அப்பத்தா அதைப் பார்த்து, "பூ கோணலா இருக்கேத்தா" என்று சொல்லிவிட்டு, அதன்மேல் மிதித்து அறைக்குள் போய் விளக்கைப் போடட்டும்.