நர்சரிக் கேள்விகள்: சிலந்திப்பேனுக்கு ஒரு எதிரி

கேள்வி: அம்மா, நிழல்வலைக்குள் 6,000 ஒட்டு ரோஜாப் பைகள் வைத்திருக்கிறேன். இலைகள் புள்ளி புள்ளியாக வெளுத்து, கொழுந்தில் நூலாம்படை கட்டுகிறது. ஐந்து நாளைக்கு ஒருமுறை பைரித்ராய்டு வகைப் பூச்சிமருந்து அடித்தும் செஞ்சிலந்தி என்கிற சிலந்திப்பேன் குறையவில்லை. அதைத் தின்னும் இரைவிழுங்கிச் சிலந்திப்பேனை வாங்கி விடலாமா?
- ஒரு வாசகர், தளி

பதில்: விடலாம். ஆனால் இப்போது விட்டால் காசு கரைந்துபோகும். செஞ்சிலந்தி பூச்சியே அல்ல, எட்டுக் கால் பிராணி. நீங்கள் அடிக்கும் மருந்து அதை அவ்வளவாகத் தொடாது. அதைத் தின்ன வருபவற்றைத்தான் தீர்த்துக்கட்டும். கோடை வெயிலில் ஒரே வாரத்தில் அதற்கு அடுத்த தலைமுறை வந்துவிடும். ஐந்து நாள் கணக்கெல்லாம் அதனிடம் செல்லாது.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். ஒரு சித்திரை மாதம், இரைவிழுங்கிப் பார்சல் வந்த கையோடு உச்சி வெயிலில் தூவினேன். மூன்றாம் நாள் லென்ஸ் வைத்துத் தேடினால் ஒன்றுகூட இல்லை. விற்றவரைப் போனில் ஒரு பிடி பிடித்தேன். பிறகுதான் உறைத்தது: முந்தின மாதம் அதே வகை மருந்தை அடித்திருந்தது நான்தான். அதன் எச்சம் இரண்டு மாதம் கழித்தும் இரைவிழுங்கியைக் கொல்லும்.

எனவே முதலில் மருந்தை நிறுத்துங்கள். நூலாம்படை மூடிய கொழுந்துகளைக் கிள்ளிப் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள். இலையின் அடிப்பக்கம் படும்படி தண்ணீரை வேகமாகப் பீய்ச்சுங்கள். பாதையில் தூசி பறக்காமல் நனைத்து வையுங்கள். தூசி படிந்த இலை செஞ்சிலந்திக்கு மாமியார் வீட்டு விருந்து.

பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று வாங்கிவிடுங்கள். செஞ்சிலந்தி மந்தமாக நகரும். பெரும்பாலும் உடலில் இரண்டு கரும்புள்ளிகள் தெரியும். முட்டை கண்ணாடி மணிபோல உருண்டை. இரைவிழுங்கி விறுவிறுவென்று ஓடும். அதன் முட்டை நீள்வட்டம், அளவிலும் பெரியது. இவ்வளவு ஓட்டம் ஓடும் பிராணிக்குக் கண்ணே கிடையாது! சேதமான இலை விடும் வாசனையைப் பிடித்துக்கொண்டுதான் இரையிடம் போய்ச் சேருகிறது.

பலரும் கேட்கும் பைட்டோசியுலஸ் பெர்சிமிலிஸ் என்ற இரைவிழுங்கி வகை, 1958-இல் சிலி நாட்டு ஆர்க்கிட் செடிகளோடு தற்செயலாக ஜெர்மனிக்கு வந்து பேர் வாங்கியது. ஈரக்காற்று கேட்கும், 30 டிகிரியைத் தாண்டினால் சோர்ந்துவிடும். நமக்கு நியோசியுலஸ் லாஞ்சிஸ்பினோசஸ் என்ற வகைதான் தோது, நம் தோட்டங்களில் தானாகவே வாழ்வது. மருந்தை நிறுத்திய என் வலைக்குள் அடுத்த ஆண்டு அழைக்காமலே வந்தது. விலைக்கு வாங்கும் முன் பெங்களூரு வேளாண் பல்கலைக்கழகத்தில் கேளுங்கள். சிலந்திப்பேன்களுக்கென்றே அங்கே ஓர் ஆராய்ச்சித் திட்டம் நடக்கிறது.

விடும்போது மாலையில் விடுங்கள், அதுவும் முதல் வெள்ளைப் புள்ளி தெரிந்தவுடன். பத்துச் செஞ்சிலந்திக்கு ஒரு இரைவிழுங்கி என்பது என் கணக்கு. நூலாம்படை கட்டிய பிறகு இது கட்டுப்படியாகாது.

கேள்வி: மாடியில் நான்கு செம்பருத்தித் தொட்டிகள், அவற்றிலும் இதே தொல்லை. நானும் வாங்கலாமா?
- ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: வேண்டாம் தாயே. நான்கு தொட்டிக்குக் குழாய்த் தண்ணீர் போதும். இரண்டு நாளைக்கு ஒருமுறை, காலையில், இலையைத் திருப்பிப் பிடித்துக் கழுவுங்கள்.