பாகற்காய் சாறு குடித்தே ஆக வேண்டுமா, டாக்டர்?

கேள்வி: எனக்கு 41 வயது. எட்டு மாதத்துக்கு முன்னால் சர்க்கரை நோய் இருப்பது தெரிந்தது. அப்போது எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) 8.1, போன மாதம் 7.2. காலையில் கிளிமிப்பிரைடு 1 மி.கி., இரண்டு வேளையும் மெட்ஃபார்மின் 500 மி.கி. சாப்பிடுகிறேன். என் மாமியார் தினமும் காலையில் வெறும் வயிற்றில் ஒரு டம்ளர் பாகற்காய் சாறு தருகிறார். மூக்கைப் பிடித்துக்கொண்டு குடிக்கிறேன். குமட்டலில் அதற்குப் பிறகு ஒரு இட்லிகூட இறங்குவதில்லை. சில நாள் பதினொரு மணிவாக்கில் கை நடுங்கி வியர்க்கிறது. “அவ்வளவு கஷ்டமாக இருந்தால் சுரைக்காயைச் சேர்த்து அரைத்துத் தருகிறேன், கசப்பு தெரியாது” என்கிறார். எனக்கு வெண்டைக்காயும் கீரையும்கூடச் சின்ன வயதிலிருந்தே ஆகாது. ஏழு வயது மகனும் என்னைப் போலவே ஒதுக்கி வைக்கிறான். பிடிக்காவிட்டாலும் கட்டாயப்படுத்திச் சாப்பிட்டே ஆக வேண்டுமா?

பதில்: பாகற்காயைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். எனக்கு முதலில் கண்ணில் பட்டது பதினொரு மணி நடுக்கம்தான், அதிலிருந்தே தொடங்குகிறேன்.

கிளிமிப்பிரைடு கணையத்தைத் தூண்டி இன்சுலின் சுரக்க வைக்கும் மாத்திரை. நீங்கள் சாப்பிட்டீர்களா, இல்லையா என்று அது பார்க்காது. அதனால்தான் காலைச் சாப்பாட்டை ஒட்டி எடுக்கச் சொல்கிறோம். நீங்கள் மாத்திரையைப் போட்டுவிட்டு, சாற்றின் குமட்டலில் இட்லியைத் தள்ளிவிடுகிறீர்கள். மாத்திரை வேலை செய்யும், வயிற்றில் உணவு இருக்காது. ரத்தச் சர்க்கரை கீழே போகும். நடுக்கம், வியர்வை, படபடப்பு எல்லாம் அதன் அறிகுறிகள். வெறும் வயிற்றில் குடிக்கும் பாகற்காய் சாறும் தன் பங்குக்குக் கொஞ்சம் இறக்கலாம். சர்க்கரை மாத்திரையும் பாகற்காயும் சேரும்போது அளவுக்கு மீறி இறங்கக்கூடும் என்பது மருத்துவர்களுக்குப் பழைய செய்தி.

ஆகவே நாளையிலிருந்து சாறு வேண்டாம். யோசிக்கவே வேண்டியதில்லை.

அடுத்த முறை நடுக்கம் வந்தால் குளுக்கோமீட்டரில் உடனே பாருங்கள். 70க்குக் கீழே இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். ஏறவில்லை என்றால் இன்னொரு தடவை அதே அளவு. ஏறியதும் ஏதாவது சாப்பிட்டுவிடுங்கள். கருவி கையில் இல்லையென்றால் காத்திருக்காமல் சர்க்கரைத் தண்ணீரைக் குடித்துவிடுங்கள். எத்தனை மணிக்கு வந்தது, காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்று ஒரு தாளில் குறித்து இந்த வாரமே உங்கள் மருத்துவரிடம் காட்டுங்கள். 7.2 வரை இறங்கியிருக்கும் நிலையில் அவர் கிளிமிப்பிரைடைக் குறைக்கவோ மாற்றவோ நினைக்கலாம். நீங்களாக நிறுத்த வேண்டாம். குமட்டலில் மெட்ஃபார்மினுக்கும் பங்கு இருக்கலாம். சாற்றை நிறுத்திய பிறகும் அது தொடர்ந்தால் அதையும் சொல்லுங்கள்.

சுரைக்காய் யோசனைக்குக் கண்டிப்பாக வேண்டாம் என்றே சொல்வேன். சுரைக்காய் நல்ல காய்தான். ஆனால் எப்போதாவது ஒரு காய் கசப்பாக விளைந்துவிடும். குக்குர்பிட்டசின் என்ற நச்சுப்பொருள் அதில் கூடியிருக்கும். அதைப் பச்சையாக அரைத்துக் குடித்தால் சிறிது நேரத்திலேயே கடும் வாந்தி, வயிற்றுப்போக்கு, ரத்த வாந்தி, ரத்த அழுத்தச் சரிவு என்று போகும். மாற்று மருந்தும் கிடையாது. 2010இல் டெல்லியில் சுரைக்காயும் பாகற்காயும் கலந்த சாறு குடித்த ஒருவர் இறந்துபோனார். அதன் பிறகு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நிபுணர் குழு அமைத்து ஆராய்ந்தது. அரைப்பதற்கு முன் ஒரு துண்டை நறுக்கி ருசி பார்க்க வேண்டும், கசந்தால் அந்தக் காயைத் தூக்கிப் போட வேண்டும், வேறு காயின் சாற்றோடு கலக்கக் கூடாது என்பவை அதன் பரிந்துரைகளில் அடங்கும். காரணம் எளிது. பாகற்காயோடு கலந்துவிட்டால் எந்தக் கசப்பு எதிலிருந்து வருகிறது என்று நாக்குக்குத் தெரியாது. உங்கள் மாமியார் சொல்வது போலக் கசப்பு தெரியாமல் போனால், ஆபத்தைக் காட்டிக்கொடுக்கும் ஒரே அறிகுறியும் போய்விடும். சமைப்பதற்கும் இதே சோதனைதான். கூட்டு வைக்குமுன் ஒரு சிறு துண்டை நாக்கில் வைத்துப் பார்ப்பது நல்ல பழக்கம்.

சரி, பாகற்காய் சர்க்கரையைக் குறைக்குமா? குறைக்கக்கூடிய பொருட்கள் அதில் இருப்பது சோதனைக்கூடத்தில் தெரிந்ததுதான். மனிதர்களிடம் நடந்த சோதனைகளைத் தொகுத்துப் பார்த்த அறிக்கை ஒன்று, மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பிடமிருந்து 2012இல் வந்தது. தகுதியானவை என்று அது எடுத்துக்கொண்டவை நான்கே ஆய்வுகள். அவற்றில் சர்க்கரை நோய்க்கு மருந்தாகப் பரிந்துரைக்கும் அளவுக்கு ஆதாரம் இல்லை என்பதே அதன் முடிவு. உங்கள் எச்பிஏ1சி இறங்கியதற்குச் சாறு காரணம் என்று மாமியார் நினைக்கலாம். எட்டு மாத மாத்திரையை அவர் கணக்கில் சேர்த்தாரா என்று கேட்காதீர்கள், வீட்டில் சண்டை வரும். டாக்டர் நிறுத்தச் சொன்னார் என்று என் தலையில் போட்டுவிடுங்கள்.

கசப்பு பிடிக்காமல் இருப்பது உங்கள் குறை அல்ல. கசப்பை உணர நம் நாக்கில் சுமார் 25 வகை ஏற்பிகள் இருக்கின்றன. செடிகளில் இருக்கும் நஞ்சை வாயிலேயே பிடித்துத் துப்ப வைப்பதுதான் அவற்றின் வேலை. மேலே சொன்ன சுரைக்காய்க் கதையில் அந்த ஏற்பிகள் சொல்வதைத்தான் கேட்கச் சொல்கிறேன். ஆளுக்கு ஆள் இந்த உணர்வு மாறும். 1931இல் அமெரிக்க வேதியியலர் ஆர்தர் ஃபாக்ஸின் ஆய்வகத்தில் ஒரு வேதிப்பொடி காற்றில் பறந்தது. பக்கத்தில் இருந்தவர் வாயெல்லாம் கசக்கிறது என்றார். ஃபாக்ஸுக்கு ஒன்றுமே தெரியவில்லை. அந்த வேறுபாடு பரம்பரையாக வருவது என்று பிறகு உறுதியானது. அதற்குப் பின்னால் இருப்பது ஒரு மரபணு. முட்டைக்கோஸ், கடுகு வகைகளின் கசப்பை உணர்வதிலும் அதற்கு நன்றாகவே பங்கு உண்டு. உங்கள் மாமியார் பாகற்காயைச் சாதாரணமாகச் சாப்பிடுகிறார் என்றால் அவர் நாக்கும் உங்கள் நாக்கும் ஒன்றல்ல, அவ்வளவுதான்.

பாகற்காய் இல்லாமலே சர்க்கரையைக் கட்டுக்குள் வைக்கலாம். காய்கறியிலிருந்து உங்களுக்கு வேண்டியது நார்ச்சத்து, பிறகு தட்டில் சோற்றின் இடத்தைப் பிடிக்கும் பருமன். அதை அவரைக்காய், புடலை, பீர்க்கு, முட்டைக்கோஸ், முள்ளங்கி, கொத்தவரை, வாழைப்பூ எதுவும் தரும். காயும் பழமும் சேர்ந்து ஒரு நாளைக்குக் குறைந்தது 400 கிராம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். எந்தக் காய் என்று அது சொல்லவில்லை. சாப்பாட்டுத் தட்டில் பாதி காய், கால் பங்கு சோறு, மீதி பருப்போ முட்டையோ மீனோ என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் வீடுகளில் முக்கால் தட்டு சோறும் ஓரத்தில் ஒரு கரண்டி பொரியலும் என்றிருப்பதுதான் பிரச்சினை. அதை மாற்றாமல் சாறு மட்டும் குடிப்பதில் பயனில்லை.

வெண்டைக்காயை மட்டும் ஒரு தடவை வேறு மாதிரி செய்து பாருங்கள், ஏனென்றால் பலருக்கு அதில் பிடிக்காதது ருசி அல்ல, வழவழப்புதான். கழுவி, துணியால் ஈரம் போகத் துடைத்த பிறகே நறுக்குங்கள். அகலமான வாணலியில், மூடாமல், நல்ல சூட்டில் வதக்குங்கள். உப்பைக் கடைசியில் போடுங்கள். முதலில் போட்டால் காய் தண்ணீர் விட்டுக் கொழகொழக்கும். பாதி வதங்கியதும் ஒரு ஸ்பூன் புளித் தண்ணீரோ தயிரோ சேர்த்தால் புளிப்பில் அந்தக் கொழகொழப்பு அறுந்துவிடும்.

பாகற்காயையும் என்றாவது சாப்பிட மனம் வந்தால் சாறாக வேண்டாம். மெல்லிய வட்டமாக நறுக்கி, உப்புப் பிசறி அரை மணி நேரம் வைத்துப் பிழிந்துவிட்டு, புளியும் பருப்பும் தேங்காயும் சேர்த்துப் பிட்லையாக வையுங்கள். உப்பு, கசப்பு உணர்வையே அடக்கும். உப்பு போட்ட கசப்புப் பொருளை நாக்கு குறைவாக உணர்வது சோதனையில் நிரூபணமானது. எண்ணெயில் மொறுமொறுவென்று பொரித்த பாகற்காய் வறுவலை மருந்து என்று சொல்லித் தின்பவர்களை நான் நிறையப் பார்க்கிறேன். அது சிப்ஸ்தான்.

கீரையைத் தனியாக மசித்தால்தான் கீரை என்றில்லை. ஒரு கைப்பிடி முருங்கைக்கீரையை அடை மாவில் போடுங்கள், பருப்போடு சேர்த்துச் சாம்பார் வையுங்கள். கடைசியில் எலுமிச்சை பிழிந்தால் கீரையின் இரும்புச்சத்தை உடல் எளிதாக எடுத்துக்கொள்ளும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் அந்த ஆதாயம் குறையும்.

மகன் விஷயத்துக்கு வருகிறேன். கட்டாயப்படுத்த வேண்டாம். 2006இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், சூப்பை முழுதாகக் குடிக்கச் சொல்லி வற்புறுத்தப்பட்ட குழந்தைகள் அந்தச் சூப்பைப் பற்றி அதிகம் குறைசொன்னார்கள். வற்புறுத்தல் இல்லாதபோதுதான் கூடுதலாகக் குடித்தார்கள். புதிய உணவை ஏற்க ஒரு குழந்தைக்குப் பத்துத் தடவைக்கு மேலும் வேண்டியிருக்கலாம். நம் வீடுகளில் மூன்றாவது தடவையிலேயே “அவனுக்கு ஆகாது” என்று தீர்ப்பு எழுதிவிடுகிறோம். அவன் தட்டில் இரண்டு துண்டு மட்டும் வையுங்கள். தின்றால் சரி, தள்ளினால் பேசாமல் எடுத்துவிடுங்கள். நாலு நாள் கழித்து மறுபடி வையுங்கள். “இதைத் தின்றால் சாக்லேட்” என்று பேரம் பேசினால், காய் என்பது தண்டனை, சாக்லேட்தான் பரிசு என்று படிந்துவிடும். முக்கியமாக, நீங்கள் வெண்டைக்காயை ஒதுக்கி வைப்பதை அவன் தினமும் எதிரே உட்கார்ந்து பார்க்கிறான். அவனுக்காகவாவது அதே பொரியலில் கொஞ்சம் உங்கள் தட்டிலும் இருக்கட்டும்.

எடை ஏறாமல் இருக்கிறான், நாலைந்து உணவைத் தவிர எதையும் தொடுவதில்லை, சில பதத்தில் இருப்பதை வாயில் வைத்தாலே ஓங்கரிக்கிறான், முகம் வெளுத்திருக்கிறது என்றால் அது வெறும் பிடிவாதம் அல்ல. குழந்தைகள் நல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். ரத்தத்தில் ஹீமோகுளோபின் பார்ப்பதில் இருந்து அவர் ஆரம்பிப்பார்.