தோல் ஆலைச் சேற்றை எருவாகப் போடலாமா?

கேள்வி: ஆம்பூர் பக்கம் அரை ஏக்கரில் கீரையும் முள்ளங்கியும் போடுகிறேன். தோல் ஆலைக் கழிவுநீரைச் சுத்திகரித்தபின் மிஞ்சும் சேற்றை டிராக்டரில் இலவசமாகக் கொண்டுவந்து கொட்டுகிறேன் என்கிறார் ஒருவர். சாணத்தோடு மக்கவைத்துப் போடலாமா?

பதில்: வேண்டாம். இலவசமாக வந்தாலும் வேண்டாம். தோலிலிருந்து வரும் தழைச்சத்து இந்தச் சேற்றில் இருப்பதால் முதல் போகம் பச்சைப்பசேல் என்றுகூட வரலாம். அதைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள்.

சிக்கல் குரோமியம் என்ற உலோகம். நகராட்சிக் குப்பை உரத்துக்கு உரக் கட்டுப்பாட்டு ஆணை அனுமதிப்பது கிலோவுக்கு 50 மில்லிகிராம் குரோமியம்தான். குரோமிய உப்பால் தோல் பதனிடும் ஆலையின் சேற்றிலோ அது ஆயிரக்கணக்கில் இருக்கும். மக்கவைத்தால் கரிமப்பொருள் கரைந்து குவியல் சுருங்கும். உலோகம் எங்கும் போகாது. அதாவது, ஒரு கிலோவில் இருக்கும் குரோமியம் கூடத்தான் செய்யும்.

ஆலையில் பயன்படுத்துவது மூவிணைதிறன் குரோமியம் என்ற, நச்சு குறைந்த வகை. அது பெரும்பாலும் வேரிலேயே தங்கிவிடும், இலைக்கு அதிகம் ஏறாது. சரி, அப்படியானால் கீரைக்குப் பயமில்லையே என்று தோன்றும். ஆனால் நீங்கள் போடும் முள்ளங்கியில் சாப்பிடுவதே வேரைத்தானே? கீரைத் தண்டிலும் இலையடியிலும் ஒட்டும் மண்ணும் சேர்ந்துதான் சமையலறைக்குப் போகிறது. இன்னொன்று, மண்ணில் உள்ள மாங்கனீசு ஆக்சைடு இதில் ஒரு பகுதியை ஆறிணைதிறன் குரோமியம் என்ற, நச்சு மிகுந்த வகையாக மாற்றிவிடலாம். அது தண்ணீரில் எளிதில் கரையும், கிணற்றுக்கும் இறங்கும். கந்தகச்சத்தை உறிஞ்சும் அதே வழியில் பயிருக்குள்ளும் நுழையும். புற்றுநோய் உண்டாக்கக்கூடியது. ராணிப்பேட்டையில் மூடிக்கிடக்கும் குரோமேட் (குரோமிய வேதிப்பொருள்) ஆலையின் கழிவுக் குவியல் நிலத்தடி நீரை என்ன பாடுபடுத்தியது என்பது உங்கள் பக்கத்துக்காரர்களுக்குத் தெரியாததல்ல.

அப்புறம் உப்பு. பதனிடும் தோலிலிருந்து வரும் உப்பு சேற்றிலும் இருக்கும். உலோகம் பயிரைத் தொடுவதற்கு முன்பே அது மண்ணை இறுக்கிவிடும். சட்டப்படியும், குரோமியம் கலந்த தோல் ஆலைச் சேறு 2016-ஆம் ஆண்டுக் கழிவு மேலாண்மை விதிகளில் அபாயகரக் கழிவு. வயலில் கொட்ட வருபவர் தன் தலைவலியை உங்கள் தலையில் இறக்கிவைக்கிறார்.

ஏற்கெனவே ஒரு லோடு இறங்கியிருந்தால் உழுதுவிடாதீர்கள். மேலாக இருக்கும்போதே வாரி ஒதுக்கி, தார்ப்பாய் போட்டு மூடி, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குத் தெரிவியுங்கள். உழுது கலந்துவிட்டிருந்தால் மண்ணையும் கிணற்றுத் தண்ணீரையும் சோதியுங்கள். வழக்கமான மண் பரிசோதனை அட்டையில் குரோமியம் வராது. மொத்தக் குரோமியம், ஆறிணைதிறன் குரோமியம் இரண்டையும் கேட்டு வாங்க வேண்டும். முடிவு வரும்வரை கீரை, கிழங்கு வகைகளை நிறுத்திவிட்டுச் சாமந்தி போன்ற பூச்செடி போடுங்கள். தொழுவுரம் தாராளமாக இடுங்கள். அதிலுள்ள கரிமப்பொருள் ஆறிணைதிறன் குரோமியத்தைத் திரும்பவும் மூவிணைதிறனுக்குக் கொண்டுவர உதவும்.