தொட்டியில் கரி போடலாமா?

கேள்வி: ஐயா, எங்கள் வீட்டில் இரண்டடி மீன்தொட்டி இருக்கிறது. நாலு கோல்டு ஃபிஷ், இரண்டு மோலி. ஒரு மாதமாகத் தண்ணீர் லேசாக மஞ்சளடித்து, பக்கத்தில் போனால் வாடையும் வருகிறது. மீன் கடையில் கேட்டேன். 'கெமிக்கல் மீடியா போடுங்க, பளிச்னு ஆயிரும்' என்று ஒரு கரிப் பொட்டலமும் வெள்ளைக் கல் பொட்டலமும் கொடுத்தார்கள். என் மாமியாரோ, 'கெமிக்கலைப் போட்டு மீனைக் கொன்னுறாத' என்கிறார். இரண்டும் இன்னும் பிரிக்காமலே இருக்கின்றன. போடலாமா?
வாசகி, வில்லாபுரம்

பதில்: முதலில் மாமியாருக்குச் சமாதானம் சொல்லிவிடுங்கள் அம்மா. பெயர்தான் கெமிக்கல். தண்ணீரில் கரைந்து கிடப்பதைப் பிடித்து வைத்துக்கொள்வதுதான் அதன் வேலை. கறுப்பாக இருப்பது ஆக்டிவேட்டட் கார்பன். பெரும்பாலும் தேங்காய்ச் சிரட்டையைச் சுட்டு, அந்தக் கரிக்குள் 800 டிகிரிக்கு மேல் நீராவியை விட்டுச் செய்வார்கள். அந்தச் சூட்டில் கரி முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத பொத்தல்கள் விழும். பொத்தல்களின் உட்சுவரை எல்லாம் விரித்துப் போட்டால் ஒரு கிராமுக்கே சுமார் ஆயிரம் சதுர மீட்டர் வரும். நம் கணக்கில் 25 சென்ட் மனை! தண்ணீரில் இருக்கிற மஞ்சளும் வாடையும் அந்தச் சுவரில் போய் ஒட்டிக்கொள்ளும்.

ஆகவே, போட்டால் தண்ணீர் பளிச்சென்று ஆகும். கடைக்காரர் சொன்னது பொய்யில்லை. எனக்குக் கவலை அதற்கப்புறம்தான். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம் என்றால் கூழாங்கல் போக 50 லிட்டர் தண்ணீர்கூடத் தேறாது. அதில் நாலு கோல்டு ஃபிஷ். அந்த மீனுக்கு இரைப்பையே கிடையாது. தின்றது நேரே குடலுக்குப் போய், கழிவாக வந்துகொண்டே இருக்கும். அந்தக் கழிவிலிருந்தும் செவுளிலிருந்தும் வருகிற அம்மோனியாவைக் கரி தொடக்கூடத் தொடாது. அதைத் தின்று தீர்ப்பவை உங்கள் ஃபில்டர் ஸ்பாஞ்சில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள். கரி போட்ட தொட்டி கண்ணாடி மாதிரி இருக்கும், மீன் மட்டும் செவுள் சிவந்து மேலே வந்து வாயை வாயைத் திறக்கும். 'தண்ணி சுத்தமாத்தான இருக்கு' என்று நாமும் திகைத்துப்போய் நிற்போம். இப்படி நின்றவர்கள் மாதம் இரண்டு பேராவது எனக்கு எழுதுகிறார்கள்.

ஸ்பாஞ்சை எப்படிக் கழுவுகிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. கார்ப்பரேஷன் குழாயைத் திறந்து, பாத்திரம் துலக்குகிற மாதிரி பிழிந்து கழுவினால், குழாய்த் தண்ணீரில் இருக்கிற குளோரின் பாதிப் பாக்டீரியாவைக் கொன்றுவிடும். மஞ்சளும் வாடையும் எனக்கு அங்கேதான் ஆரம்பித்திருக்கும் என்று தோன்றுகிறது. வாரம் ஒருமுறை மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை வாளியில் இறக்குங்கள். அந்த அழுக்குத் தண்ணீரிலேயே ஸ்பாஞ்சை இரண்டு முறை அமுக்கி எடுங்கள், போதும். முதல் நாளே வாளியில் பிடித்து வைத்து, ஏர் குழாயைப் போட்டு ஓடவிட்ட தண்ணீரை ஊற்றுங்கள். இரண்டு நிமிஷத்தில் தின்று முடிக்கிற அளவுக்குத்தான் தீனி. நாலு கோல்டு ஃபிஷ்ஷில் இரண்டை யாருக்காவது கொடுத்துவிடுங்கள். மனசு வராது, தெரியும். ஆனால் அவை ஒரு சாண் நீளம் வளரும் மீன்கள்.

இதையெல்லாம் ஒரு மாதம் செய்த பிறகும் மஞ்சள் போகவில்லை என்றால் கரியைப் பிரியுங்கள். ஒரு கைப்பிடி போதும். கறுப்புத் தண்ணீர் நிற்கும்வரை அலசி, வலைப்பையில் கட்டி, ஸ்பாஞ்சுக்கு அடுத்த இடத்தில் வையுங்கள். ஸ்பாஞ்சுக்கு முன்னால் வைத்தால் அழுக்கு அப்பிப் பொத்தல்கள் அடைத்துவிடும். மூன்று நாலு வாரத்தில் எடுத்துத் தூர எறிந்துவிடுங்கள். மாதம் தவறாமல் புதுப் பொட்டலம் வாங்க வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை.

வெள்ளைக் கல் ஜியோலைட். அது அம்மோனியாவைப் பிடிக்கும், அவசரத்துக்கு நல்லது. அதில் ஒரு வில்லங்கம் உண்டு, நான் காசு கொடுத்துக் கற்றது. என் ஏஞ்சல் தொட்டியில் ஜியோலைட் போட்டு இரண்டு மாதம் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு மீனின் துடுப்பு கிழிந்திருந்தது. மதுரையில் மீனுக்கு என்ன நோய் வந்தாலும் முதல் வைத்தியம் கல்லுப்புதானே? நானும் ராத்திரி இரண்டு கை அள்ளிப் போட்டுவிட்டுப் படுத்தேன். காலையில் ஆறு ஏஞ்சலும் மேலே வந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தன. மத்தியானத்துக்குள் நாலு போய்விட்டன. உப்பில் இருக்கிற சோடியம் உள்ளே போனால் ஜியோலைட் அதுவரை பிடித்து வைத்த அம்மோனியாவைக் கக்கிவிடும். ஜியோலைட்டைத் திரும்பப் பயன்படுத்த உப்புத் தண்ணீரில் ஊறப்போடுவது இதற்காகத்தான். நான் அதை மீன் இருக்கிற தொட்டிக்குள்ளேயே செய்திருக்கிறேன்! உங்களிடம் மோலி இருப்பதால் யாராவது உப்புப் போடச் சொல்வார்கள். உப்புப் போடுவதாக இருந்தால் வெள்ளைக் கல்லை முதலில் வெளியே எடுங்கள்.

கேள்வி: ஃபைட்டர் மீனுக்குப் பூஞ்சை என்று மெத்திலின் ப்ளூ ஊற்றினேன். காலையில் பார்த்தால் தண்ணீரில் நீலமே இல்லை. கடையில் போலி மருந்தைக் கொடுத்து ஏமாற்றிவிட்டார்களா?
வாசகர், திருமங்கலம்

பதில்: கடைக்காரரோடு சண்டைக்குப் போவதற்கு முன் ஃபில்டரைத் திறந்து பாருங்கள் தம்பி. உள்ளே கரிப்பை இருக்கும். மருந்து மீனுக்குப் போய்ச் சேருவதற்குள் கரி குடித்துவிட்டது. மருந்து போடும்போது கரியை எடுத்துவிட வேண்டும். குணமான பிறகு தண்ணீரில் மிச்சமிருக்கிற மருந்தை இழுக்கக் கரியைத் திரும்பப் போடலாம். கரி நிஜமாகவே பயன்படுகிற இடம் இதுதான். புது மரக்கட்டை போட்டுத் தண்ணீர் டீ நிறமானாலும், வீட்டில் கொசு மருந்தோ பெயின்டோ அடித்து அந்தக் காற்று தொட்டிக்குள் போய்விட்டாலும் கரி கைகொடுக்கும். ஃபைட்டருக்கு நாட்டு வாதாம் இலை போடுகிறவர்கள் கூடவே கரி வைப்பது வீண், இலையின் சாற்றைக் கரி இழுத்துவிடும். இன்னொன்று, ஃபைட்டர் ஒன்றுதானே, மெத்திலின் ப்ளூவைத் தனி டப்பில் கொடுங்கள். தொட்டியில் ஊற்றினால் ஸ்பாஞ்சில் இருக்கிற பாக்டீரியாவையும் பதம் பார்க்கும்.

கரி செத்துவிட்டதா என்று பார்க்கவும் இந்த மருந்தே உதவும். ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரில் ஒரே சொட்டு விட்டு, பழைய கரியில் ஒரு ஸ்பூன் போட்டு, அவ்வப்போது கலக்கிவிட்டு ராத்திரி முழுக்க வையுங்கள். விடிந்தும் நீலம் அப்படியே இருந்தால் அந்தக் கரியைச் செடிக்குப் போட்டுவிடலாம்.

கேள்வி: இஸ்திரிப் பெட்டிக் கரி போட்டால் ஆகாதா? பழைய கார்பனை வாணலியில் வறுத்துத் திரும்பப் போடலாம் என்கிறார் நண்பர்.
வாசகர், உசிலம்பட்டி

பதில்: இஸ்திரிக் கரியிலும் பொத்தல் உண்டு, ஆனால் ரொம்பச் சொற்பம். சாம்பல் வேறு கலந்து தண்ணீரின் காரத்தை ஏற்றிவிடும். வாணலிச் சூடு ஈரத்தைத்தான் போக்கும், உள்ளே ஒட்டியிருப்பதைக் கழற்றாது. உங்கள் நண்பர் கேஸை வீணாக்குகிறார்.

கேள்வி: எங்கள் போர்த் தண்ணீர் டிடிஎஸ் 1100. கார்பன் போட்டால் குறையுமா? டிஸ்கஸ் வளர்க்க ஆசை.
வாசகர், மேலூர்

பதில்: குறையாது. கரைந்திருக்கும் உப்பைக் கரி பிடிக்காது. ஆர்.ஓ. தண்ணீர் கலந்தால்தான் இறங்கும். டிஸ்கஸ்ஸுக்கு வாரம் இரண்டு மூன்று முறை தண்ணீர் மாற்ற வேண்டும். கேன் எத்தனை ஆகும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். கட்டுப்படியாகாவிட்டால் மோலி வாங்குங்கள், உங்கள் போர்த் தண்ணீர் அதற்கு ரொம்பப் பிடிக்கும்.