வாசகர் கேள்வி பதில்: ஜியாவ்ஸி ஏன் வாய் பிளக்கிறது?

கேள்வி: ஜியாவ்ஸி என்கிற சீனக் கொழுக்கட்டை (டம்ப்ளிங்) செய்து பார்த்தேன். உள்ளே கோழிக் கொத்துக்கறியும் சீன முட்டைக்கோஸும். மடிக்கும்போதே சிலவற்றுக்கு அடி நனைந்து கிழிந்தது. மற்றவை கொதிக்கிற தண்ணீரில் வாயைப் பிளந்துவிட்டன. மாவு சரியில்லையா?

பதில்: மாவின் மேல் பழி போடாதீர்கள், கோஸைக் கவனியுங்கள். பெய்ஜிங்கில் வேலை பார்த்த இரண்டு வருடமும் ஷான்டாங் மாகாணத்து அம்மா ஒருவரின் வீட்டில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்திருந்தேன். ஜியாவ்ஸி செய்கிற நாளில் அவர் முதலில் தொடுவது கோஸைத்தான். அரைக் கிலோ கோஸைப் பொடியாக நறுக்கி, ஒரு தேக்கரண்டி உப்பைப் பிசிறி, கால் மணி நேரம் விட்டுவிடுவார். பிறகு துணியில் கட்டிப் பிழிய வேண்டும். நான் பிழிந்து முடித்துவிட்டேன் என்று நீட்டினால், வாங்கி இன்னொரு முறுக்கு முறுக்குவார். தண்ணீர் மறுபடி ஒழுகும்.

அந்தத் தண்ணீரை அவர் கொட்டுவதில்லை. கொத்துக்கறியில் ஒவ்வொரு கரண்டியாக விட்டு, சாப்ஸ்டிக்கால் ஒரே பக்கமாகச் சுற்றுவார். ஒரு கரண்டி முழுவதும் உள்ளே இழுத்த பிறகுதான் அடுத்த கரண்டி. கொஞ்ச நேரத்தில் கறி பிசுபிசுவென்று கிண்ணத்தில் ஒட்டத் தொடங்கும். உப்பு பட்டுச் சுற்றச் சுற்றக் கறியின் புரதம் அந்த ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. வெந்ததும் அதுதான் வாய்க்குள் சாறாக வருகிறது. கோஸிலேயே தங்கிய தண்ணீரைப் பிடித்து வைக்க ஆள் இல்லை. அது மெல்ல வெளியே வந்து மாவை நனைக்கிறது. உங்களுக்கு அடி கிழிந்தது இதனால்தான். பிழிந்த கோஸைக் கடைசியில், மடிக்க உட்காரும்போது கலந்தால் போதும். தண்ணீரில் ஏற்கெனவே உப்பு இருப்பதால் சோயா சாஸைப் பார்த்து ஊற்றுங்கள்.

வாய் பிளப்பதற்குப் பெரும்பாலும் ஓரத்தில் பட்ட எண்ணெயோ காய்ந்த மாவோதான் காரணம். கடையில் வாங்கிய மாவுத் தாள் என்றால் ஓரத்தை விரலால் ஈரப்படுத்தி ஒட்டுங்கள். அப்போதே தேய்த்த வட்டத்துக்கு அது தேவையில்லை, அழுத்தினாலே ஒட்டிக்கொள்ளும். உள்ளே காற்று நிற்காமல் அழுத்திவிடுங்கள்.

வேகவைக்கும்போது நிறையத் தண்ணீர் கொதிக்க வேண்டும். போட்டவுடன் கரண்டியின் முதுகால் அடியோடு தள்ளிவிடுங்கள், இல்லையென்றால் ஒட்டிக்கொள்ளும். மறுபடி பொங்கும்போது அரை டம்ளர் பச்சைத் தண்ணீர் ஊற்றுங்கள். கறி பூரணத்துக்கு இப்படி மூன்று முறை. கொதியின் வேகம் அடங்கினால் தாள் முட்டி மோதி உடையாது, உள்ளே இருக்கும் கறிக்கும் வேக அவகாசம் கிடைக்கும்.

கேள்வி: மாவைத் தேய்த்தால் சுருங்கிச் சுருங்கி வருகிறது. வெந்நீரில் பிசையலாமா?

பதில்: எப்படிச் சமைக்கப்போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. தண்ணீரில் வேகவைப்பதற்குப் பச்சைத் தண்ணீர்தான். 300 கிராம் மைதாவுக்கு 150 மில்லி. பிசைந்து ஈரத்துணி மூடி அரை மணி நேரம் விடுங்கள். சுருங்குகிற பிடிவாதம் போய், காது மடலைத் தொட்டாற்போல இருக்கும். வட்டத்தைத் தேய்க்கும்போது நடுவைக் கனமாக விட்டு ஓரத்தை மட்டும் மெல்லியதாக்குங்கள். மடிப்பில் இரண்டு ஓரம் சேர்வதால் அங்கே தடித்துவிடும்.

ஆவியில் வைக்கவும், ஒரு பக்கம் பொரித்தெடுக்கும் குவோட்டியே செய்யவும் வெந்நீர் மாவு நல்லது. மிருதுவாக வரும். குவோட்டியேவுக்கு எண்ணெயில் அடுக்கி, அடி லேசாகப் பொன்னிறமானதும் மூன்றில் ஒரு பங்கு உயரத்துக்குத் தண்ணீர் ஊற்றி மூடுங்கள். கடிகாரத்தைவிடக் காதை நம்புங்கள். முதலில் தளதளவென்று கொதிக்கும். தண்ணீர் வற்றியதும் சத்தம் சடசடவென்று மாறும். அப்போது மூடியைத் திறந்து ஒரு நிமிடம் விட்டால் அடி மொறுமொறுப்பாகிவிடும்.

கேள்வி: தொட்டுக்கொள்ள என்ன சாஸ்? சோயா சாஸ் மட்டும் வைத்தால் உப்பாக இருக்கிறது.

பதில்: வினிகர்தான் பிரதானம், சோயா துணைக்குத்தான். ஜியாங்சு மாகாணத்து ஜென்ஜியாங் நகரின் கறுப்பு வினிகர் கிடைத்தால் விடாதீர்கள். ஒட்டரிசியில் செய்வது, புளிப்போடு லேசான இனிப்பும் இருக்கும். இரண்டு கரண்டி வினிகர், ஒரு கரண்டி சோயா சாஸ், வறுத்த எள்ளில் எடுத்த எண்ணெய் சில சொட்டு, தட்டிய பூண்டு, வேண்டுமானால் மிளகாய் எண்ணெய். கறுப்பு வினிகர் இல்லையென்றால் அரிசி வினிகரில் ஒரு சிட்டிகை சர்க்கரை போடலாம். சுமாராக ஒத்துவரும், அதே ருசி வராது.

வடசீனத்தில் இன்னொன்று உண்டு. சந்திர நாட்காட்டியின் பன்னிரண்டாம் மாதம் எட்டாம் நாள், உரித்த பூண்டை வினிகரில் ஊறப்போடுவார்கள். லாபா பூண்டு என்று பெயர். சில நாளில் பல் பச்சைப் பசேலென்று ஆகிவிடும். கெட்டுப்போய்விட்டது என்று நான் ஒருமுறை கொட்டப் போக, வீட்டுக்கார அம்மா ஓடி வந்து ஜாடியைப் பிடுங்கிக்கொண்டார். பூண்டில் உள்ள கந்தகச் சேர்மங்கள் புளிப்பில் மாறுவதால் வரும் நிறம் அது. புத்தாண்டுக்கு முந்தைய இரவு ஜியாவ்ஸிக்கு அந்த வினிகரைத்தான் வைத்தார். காரம் போய், பூண்டு மணம் மட்டும் நிற்கும்.

கேள்வி: கறி சாப்பிட மாட்டோம். முன்கூட்டியே செய்தும் வைக்க வேண்டும்.

பதில்: ஜியூசாய் என்கிற பூண்டு மணக் கீரையும் பொரித்து உதிர்த்த முட்டையும் ஷான்டாங்கில் எல்லோருக்கும் பிடித்த பூரணம். நறுக்கிய கீரையில் முதலில் எண்ணெயைப் பிசிறுங்கள், உப்பைக் கடைசியில் போடுங்கள். எண்ணெய் பூசிக்கொண்ட இலை சட்டென்று தண்ணீர் விடாது. முட்டையும் வேண்டாம் என்றால் டோஃபுவும் ஊறவைத்த காளானும். இரண்டையும் நன்றாகப் பிழிந்துவிடுங்கள்.

சேமிக்க, மாவு தூவிய தட்டில் ஒன்றோடொன்று படாமல் அடுக்கி ஃப்ரீசரில் வையுங்கள். கல்லாக இறுகிய பிறகு பைக்கு மாற்றலாம். சமைக்கும் நாளில் வெளியே எடுத்து இளக விடாமல், அப்படியே கொதிநீரில் போடுங்கள்.