ஊர் நீதிபதியும் லக்சம்பர்க் நீதிமன்றமும்: கேள்வி பதில்

கேள்வி: ஐரோப்பிய ஒன்றியச் சட்டத்துக்கு விளக்கம் சொல்ல லக்சம்பர்க்கில் நீதிமன்றம் இருக்கும்போது, உறுப்பு நாடுகளின் கீழமை நீதிமன்றங்களுக்கு அதில் என்ன வேலை?

பதில்: பெரும்பகுதி வேலை அவற்றுக்குத்தான். ஒன்றியச் சட்டம் தரும் உரிமையைக் கேட்டு ஒருவர் முதலில் படியேறுவது தம் நாட்டு நீதிமன்றத்தில்தான். அச்சட்டத்தின் பொருளில் ஐயம் எழுந்து, தீர்ப்பளிக்க அதற்கு விடை தேவைப்பட்டால், எந்த நிலை நீதிபதியும் வழக்கை நிறுத்திவைத்து, ஒன்றியத்தின் செயற்பாடு பற்றிய உடன்படிக்கையின் 267ஆம் உறுப்பின்படி வினாவை லக்சம்பர்க்குக்கு அனுப்பலாம். இதைப் பலர் மேல்முறையீடு என்று கருதுகிறார்கள்; அது தவறு. லக்சம்பர்க் சட்டத்தின் பொருளை மட்டும் சொல்லும். தீர்ப்பை எழுதுவது வினா அனுப்பிய நீதிபதியே.

கேள்வி: மிகச் சிறிய வழக்குக்கும் இது பொருந்துமா?

பதில்: மிகப் பெரிய தீர்ப்புகளுள் ஒன்று 1,925 லிரா மின்கட்டணத்திலிருந்து பிறந்தது. இத்தாலி மின்துறையை நாட்டுடைமையாக்கியது ஐரோப்பிய உடன்படிக்கைக்கு முரணானது என்று கூறி, ஃபிளாமினியோ கோஸ்டா அந்தக் கட்டணத்தைச் செலுத்த மறுத்தார். மிலானில் சிறுவழக்குகளை விசாரிக்கும் நீதிபதி வினாவை லக்சம்பர்க்குக்கு அனுப்பினார். உடன்படிக்கைக்குப் பின்னர் வந்த உள்நாட்டுச் சட்டமே செல்லும் என்று இத்தாலிய அரசியலமைப்பு நீதிமன்றம் 1964 மார்ச்சில் கூறியிருந்தது. வினாவையே ஏற்கக் கூடாது என்று இத்தாலிய அரசும் வாதிட்டது. அவ்வாண்டு ஜூலை 15 அன்று, உடன்படிக்கையிலிருந்து பிறக்கும் சட்டத்தை உள்நாட்டுச் சட்டத்தால் மீற முடியாது என்று லக்சம்பர்க் தீர்ப்பளித்தது. அந்த நீதிபதி தயங்கியிருந்தால் இக்கோட்பாடு அன்று பிறந்திருக்காது. அவருடைய துணிவை நான் மிகவும் மதிக்கிறேன்.

கேள்வி: மேல் நீதிமன்றம் தடுத்தால்?

பதில்: தடுக்க முடியாது. மேல் நீதிமன்றத்தின் சட்டக் கருத்துக்குக் கீழமை நீதிமன்றம் கட்டுப்பட்டது என்னும் உள்நாட்டு விதி, வினா அனுப்பும் உரிமையைப் பறிக்காது என்று 1974இல் ரைன்மியூலன் வழக்கில் முடிவானது. 1978இல் சிமென்தால் வழக்கு இன்னும் ஒருபடி மேலே சென்றது. பிரான்சிலிருந்து வந்த மாட்டிறைச்சிக்கு எல்லையில் வாங்கிய பரிசோதனைக் கட்டணம் பற்றிய அவ்வழக்கு, இத்தாலியின் சூசா என்னும் சிற்றூர் நீதிமன்றத்திலிருந்து வந்தது. முரண்படும் உள்நாட்டுச் சட்டத்தை அரசியலமைப்பு நீதிமன்றம் நீக்கும்வரை காத்திராமல், எந்த நீதிபதியும் தாமே அதை ஒதுக்கிவைக்க வேண்டும் என்று தீர்ப்பானது.

கேள்வி: அப்படியானால் ஒன்றியத்தின் சட்டத்தையே செல்லாது என்று அவர் அறிவிக்கலாமா?

பதில்: கூடாது. 1987இல் ஃபோட்டோ-ஃபிராஸ்ட் வழக்கு அந்த எல்லையை வகுத்தது. செல்லும் என்று அவரே முடிவு செய்யலாம். செல்லாது என்று கருதினால், வினாவை லக்சம்பர்க்குக்கு அனுப்பியே ஆக வேண்டும். இந்தக் கட்டுப்பாடு எனக்கு நியாயமாகவே படுகிறது. இல்லையென்றால் ஒரே விதி ஒரு நாட்டில் உயிரோடும் அடுத்த நாட்டில் செத்தும் கிடக்கும்.