பந்து வருவதற்கு முன்னால்: நடுக்கள ஆட்டம் பற்றிய கேள்வி-பதில்

கேள்வி: கால்பந்தில் நடுக்களத்தில் ஆடுகிறேன். பந்து என் காலுக்கு வந்த மறுகணமே யாராவது பின்னாலிருந்து வந்து பறித்துவிடுகிறார்கள். பந்தைக் கட்டுப்படுத்தும் பயிற்சியை இன்னும் கூட்ட வேண்டுமா?

பதில்: கூட்டுவதில் தவறில்லை; ஆனால் தங்கள் குறை காலைவிடக் கழுத்தில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். பின்கள வீரருக்கு ஆட்டம் முழுவதும் கண்ணெதிரே நடக்கிறது; ஓரத்தில் ஆடுபவருக்கு எல்லைக்கோடு ஒரு பக்கத்தைக் காத்துக்கொடுக்கிறது; நடுக்களத்தில் நிற்பவரை மட்டும் எந்தத் திசையிலிருந்தும் நெருங்க முடியும். ஆகையால் பந்து மற்றவர்களிடையே போய்க்கொண்டிருக்கும்போதே இரு தோள்களுக்கும் பின்னால் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். 2010இல் ஸ்பெயின் உலகக் கோப்பையை வென்றபோது அதன் நடுக்களத்தை நடத்திய சாவியின் ஆட்டப் பதிவு கிடைத்தால், பந்தை விட்டுவிட்டு அவருடைய தலையை மட்டும் பத்து நிமிடம் கவனித்துப் பாருங்கள்.

அடுத்தது, நிற்கும் விதம். இடது பின்கள வீரர் தங்களுக்குப் பந்தைத் தருகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருக்கு நேர்முகமாக நின்று வாங்கினால் எதிரணி வீரருக்குத் தங்கள் முதுகுதான் தெரியும். பாய்ந்து வருவதற்கு அவருக்கு அந்த ஒரு அடையாளமே போதும். இடுப்பைச் சற்றுத் திருப்பி, ஒரு தோள் தன் கோலையும் மறுதோள் எதிரணிக் கோலையும் நோக்கியிருக்கும்படி நின்று, பந்தைத் தருபவருக்கு எட்டத்தில் உள்ள காலால் வாங்குங்கள். பந்து உடலுக்குக் குறுக்கே உருண்டு வரும். முதல் தொடுகையிலேயே முன்பக்கம் திரும்பியிருப்பீர்கள்.

பயிற்சிக்கு எளிய வழி ஒன்று உண்டு. ஒருவர் பந்தை அனுப்ப, மற்றொருவர் தங்கள் பின்னால் நின்று விரல்களை உயர்த்திக் காட்டட்டும். பந்தைத் தொடுவதற்கு முன் அந்த எண்ணைத் தாங்கள் உரக்கச் சொல்ல வேண்டும். பயிற்சியாளர் கவனிக்கிறாரே என்று தலையை மட்டும் ஆட்டிவிட்டு எதையும் பார்க்காமல் ஆடுபவர்களை நான் நிறையவே கண்டிருக்கிறேன். எண்ணைச் சொல்லச் சொன்னால் அந்த ஏமாற்று நடக்காது.

கேள்வி: நான் 170 செ.மீ. உயரம், ஒல்லியான உடல்வாகு. நடுக்களத்துக்குத் தகுதியானவனா?

பதில்: உலகின் சிறந்த கால்பந்து வீரருக்கான பாலோன் டோர் விருதை 2018இல் பெற்ற குரோஷிய நடுக்கள வீரர் லூக்கா மோட்ரிச் தங்களைவிட ஓரிரு சென்டிமீட்டர்தான் உயரம். பந்தை உரிய நேரத்தில் விட்டுவிடத் தெரிந்தவர் மீது மோதுவதற்கு எதிரணிக்கு வாய்ப்பே குறைவு.

கேள்வி: எங்கள் அணியில் நடுவில் இருவர் ஆடுகிறோம். இருவருமே தாக்குதலுக்குப் போய்விடுகிறோம். பந்து பறிபோனால் கோல் விழுகிறது. யார் நிற்க வேண்டும்?

பதில்: ஆளை நிரந்தரமாக ஒதுக்குவதைவிட, ஒருவர் போனால் மற்றவர் நிற்பது என்ற ஒப்பந்தம் நல்லது. அது மனத்துக்குள் இருந்தால் போதாது, களத்தில் வாய்விட்டுச் சொல்லப்பட வேண்டும். “போகிறேன்” என்ற ஒரு சொல்லே பல கோல்களைத் தடுக்கும். ஃபுல்பேக், அதாவது ஓரத்துப் பின்கள வீரர், ஓரமாக மேலேறும்போது, அவர் விட்டுச்சென்ற இடத்துக்கு அருகிலுள்ள நடுக்கள வீரர் சற்றுப் பின்வாங்கிவிட வேண்டும். இத்தனைக்குப் பிறகும் பந்து பறிபோய், எதிரணி வீரர் தங்களை நோக்கி ஓடிவந்தால், பந்தைப் பறிக்க உடனே காலை நீட்டிப் பாயும் டேக்கிளில் இறங்கிவிடாதீர்கள். தாண்டப்பட்டால் அடுத்து நிற்பது நடுப் பின்கள வீரர்கள் மட்டுமே. பக்கவாட்டில் திரும்பி, எட்டும் தூரத்துக்குச் சற்று வெளியே நின்று, பின்னோக்கி நகர்ந்தபடியே அவரை எல்லைக்கோட்டின் பக்கம் ஒதுக்குங்கள். அவர் வேகம் குறையும் ஒவ்வொரு நொடியிலும் தங்கள் அணியினர் ஓரிருவர் திரும்பிவிடுவார்கள்.

கேள்வி: இரண்டாம் பாதியில் கால்கள் ஓய்ந்துவிடுகின்றன. தினமும் நீண்ட தூரம் ஓடினால் சரியாகுமா?

பதில்: ஓரளவுக்குத்தான். உயர்நிலைக் கால்பந்தில் ஒரு நடுக்கள வீரர் ஓர் ஆட்டத்தில் சுமார் 10 முதல் 12 கிலோமீட்டர் வரை கடக்கிறார். அதில் பெரும்பகுதி நடையும் மெல்லோட்டமும்தான். களைப்பைத் தருபவை இடையிடையே வரும் வேக ஓட்டங்கள் என்பதால், வேகமாக ஓடி, சிறிது இளைப்பாறி, மீண்டும் ஓடும் இடைவெளிப் பயிற்சியே அதிகம் உதவும். பந்து போகுமிடமெல்லாம் துரத்துகிறீர்களா என்பதையும் ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.

கேள்வி: கால்பந்திலிருந்து ஹாக்கிக்கு வந்திருக்கிறேன். நடுக்கள ஆட்டத்தில் எதை மாற்றிக்கொள்ள வேண்டும்?

பதில்: சுற்றிப் பார்க்கும் பழக்கம் அப்படியே இருக்கட்டும், பந்தை வாங்கும் முறைதான் மாற வேண்டும். மட்டையின் தட்டையான பக்கத்தையும் விளிம்புகளையும் மட்டுமே பயன்படுத்த விதி இடம் தருவதால், இரு பக்கமும் சமமல்ல. இடப்பக்கத்திலிருந்து வரும் பந்தை உடலுக்குக் குறுக்கே ஓடவிட்டு வலக்காலின் அருகே ஏந்தலாம். வலப்பக்கத்திலிருந்து வந்தாலோ தோளையும் பாதங்களையும் அந்தப் பக்கம் திருப்பிக்கொள்ள வேண்டியிருக்கும். மேலும், தடுப்பு வீரர்களைத் தாண்டிப் போய்ப் பந்துக்காகக் காத்து நிற்பதைத் தடுக்கும் ஆஃப்சைடு விதி ஹாக்கியில் 1990களிலேயே நீக்கப்பட்டுவிட்டதால், எதிரணி முன்கள வீரர் தங்கள் அணியின் கோல் அருகிலேயே காத்து நிற்கலாம். அவருக்கு வரும் நீண்ட பாஸ் பெரும்பாலும் நடுக்களத்தைக் கடந்துதான் போக வேண்டும் என்பதால், பந்து எதிரணியிடம் இருக்கும்போது, அதை வைத்திருப்பவருக்கும் அந்த முன்கள வீரருக்கும் இடையிலுள்ள கோட்டில், மட்டையைத் தரையோடு தாழ்த்தி நில்லுங்கள்.